வலது பக்கப் பை

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி, சுண்டு இருவரும் சுகம். மாப்பிள்ளைக்கு முட்டி வலி குறைந்ததா? உன் தும்மல் நின்றதா? முதலில் இந்த இரண்டுக்கும் பதில் எழுது, அப்புறம் உன் முதலாளியைத் திட்டு.

போன தடவை போனில் நீ பேசியதில் நாலில் ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்டது. நான் பேசியது மட்டும் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அளவு கொடுக்க வந்த பேங்க்காரர், "உங்க தங்கச்சி வீட்ல தண்ணி மோட்டார் ரிப்பேராமே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சின்ன வயதில் காய்ச்சலில் போன காது இனித் திரும்பி வரப்போவதில்லை. போனிலேயே எழுத்து அடித்து அனுப்பச் சொல்கிறாள் என் மகள் சுண்டு. என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. நமக்குக் காகிதம்தான் சரி.

கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் கழித்துத் தையல்காரனுக்கு வந்த சொரணை. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் என்னைப் பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு பிரிண்ட் இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரி நீ, குறை சொல்லாமல் இருக்க மாட்டாய். பலகையாவது நன்றாக விழுந்திருக்கிறது என்று ஒரு வரி எழுது.

பஸ் கம்பெனி டிரைவர்களுக்கு எண்பது சட்டை தைக்க ஆர்டர் வந்திருக்கிறது. மார்ச் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எண்பது டிரைவர்களும் எண்பது விதமான தொப்பை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். தும்மல் நின்றுவிட்டது. உன் மாப்பிள்ளையின் முட்டி மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, சமதளத்தில் ஜோராக நடக்கிறார். அண்ணி சுகம், சுண்டு சுகம் என்று எழுதியிருக்கிறாய். உன் சுகம் எங்கே? தபாலில் விழுந்துவிட்டதா?

படம் கிடைத்தது. உறையைப் பிரித்ததும், பிரிண்ட் போட்டவன் இடவலம் மாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். எங்கள் கடையிலேயே எப்போதாவது அப்படி நடக்கும். வாடிக்கையாளர் கன்னத்து மச்சம் இடம் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருவார். ஆனால் பலகையில் எழுத்து நேராக இருக்கிறது. உன் சட்டைப் பொத்தானும் ஆம்பளைச் சட்டையில் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படத்தில் கோளாறு இல்லை. பைதான் வலது பக்கம் இருக்கிறது.

முப்பது வருடமாக இடது பையில் சாக்கட்டியும் சின்னக் கத்தரியும் வைத்துக்கொண்டு திரிகிறவன் நீ. என் கல்யாணப் படத்தில்கூட அந்தக் கத்தரியின் பிடி எட்டிப் பார்க்கிறது. வேறொரு தையல்காரன் வலது பக்கம் பை வைத்தால் நீயே அவனை ஊரைக் கூட்டிச் சிரிப்பாய். இது என்ன புது நாகரிகம்?

பலகை நன்றாக விழுந்திருக்கிறது. போதுமா?

அண்ணிக்கு என் அன்பு. சுண்டுவை எனக்குத் தனியாக எழுதச் சொல்.

உன் வாலு


பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது எல்லாரும் சேர்ந்துதான் இருந்தோம். அண்ணி படித்துவிட்டு, "போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ" என்றாள். மாப்பிள்ளையின் முட்டிக்கு எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னாள்.

பை விஷயம் ஒன்றுமில்லை. இடது பையில் இருந்த கத்தரியின் முனை குத்திக் குத்தி மார்பில் ஒரு சின்னப் புண். அந்த இடத்தில் தடித்த துணி உரசினால் அரிக்கிறது. அதனால் ஆறு சட்டையிலும் பையைப் பிரித்து வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். இடது பக்கம் உள்ளே மெல்லிசாக ஒரு லைனிங் கொடுத்திருக்கிறேன். கழுத்துப் பட்டியில் ஆரம்பித்து அடிமடிப்பு வரை ஒரே துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் லைனிங் இருப்பது சத்தியமாக யாருக்கும் தெரியாது. வேண்டுமானால் லென்ஸ் வைத்துப் பார்.

ஒரு தோள் இறங்கினவருக்குப் பஞ்சு வைக்கிறேன். கூன் போட்டவருக்கு முதுகில் முக்கால் இன்ச் கூட்டுகிறேன். குறை தெரியாமல் தைக்கத்தானே என்னிடம் வருகிறார்கள்? எனக்கு நானே ஒரு தடவை செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

எண்பதில் இருபத்தாறு முடிந்தது. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மெஷின் படுத்துகிறது. இங்கே வேறு விசேஷம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலமாக இருக்கிறோம். எண்ணெய் தேய்த்ததில் முட்டியைவிட நாற்காலிதான் பளபளக்கிறது என்று அண்ணியிடம் சொல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் படம் வெட்டுகிற கத்தி என் ஆள்காட்டி விரலில் ஏறியது. நல்ல ஆழம். எட்டாம் நாள் தழும்பு மட்டும்தான் இருந்தது. நீ கத்தரியை எப்போது அந்தப் பையிலிருந்து எடுத்தாய்? எடுத்த பிறகும் புண் ஏன் ஆறவில்லை? சரியாக எந்த இடம், காம்பின் மேலேயா, பக்கத்திலா? அண்ணி பார்த்தாளா?

நாலு கேள்வி. நாலுக்கும் பதில் வேண்டும்.

உன் வாலு


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். எண்பது சட்டையும் முடித்து நேற்றுத்தான் கொடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம். அங்கே வெயில் எப்படி? மாப்பிள்ளை மதியத்தில் வெளியே அலைய வேண்டாம்.

சட்டை வாங்க வந்த டிரைவர் ஒருவர், போட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங் திருப்பினா அக்குள் இழுக்கலியே!" என்று கையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பஸ்ஸை ஓட்டி ஒரு வளைவும் எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்பதுக்கும் பை இடது பக்கம்தான், பயப்படாதே.

நீ கேட்டது. ஜூன் மாதத்திலிருந்து இருக்கிறது. காம்பின் மேலேயேதான். பொருக்குக் கட்டும், உதிரும், மறுபடி கட்டும். பனியனில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டும். மருந்துக் கடையில் படை மாதிரி என்று சொல்லி ஆயின்மென்ட் வாங்கினேன், இரண்டு டியூப் தீர்ந்தது. இப்போது காம்பு உள்ளே போயிருக்கிறது. அடியிலிருந்து நூலை யாரோ இழுத்துவிட்ட மாதிரி தோலில் ஒரு சுருக்கம். வலி என்று எதுவும் இல்லை. வலியில்லாததற்கெல்லாம் டாக்டரிடம் போகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. கட்டி மாதிரியும் எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

உன் அண்ணி பனியனைப் பார்த்துக் கேட்டாள். மெஷின் ஆயில் என்று சொன்னேன். நீயும் அப்படியே வைத்துக்கொள்.

சுண்டுவுக்கு வேலையில் இடம் மாற்றம் வரலாம். மற்றவை பிறகு.

அண்ணன்


மார்ச் 30

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம், வெயில் அதிகம், இரண்டும் எழுதியாகிவிட்டது. இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி.

நேற்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள். படம் உலரும் வரை உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்கு என்று பொய் சொல்லி நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கேட்டதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "உடனே காட்டச் சொல்லுங்க. கட்டி இருந்தாத்தான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அப்படி இல்லீங்க. ஆறாத பொருக்கு, புதுசா உள்ள போன காம்பு, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியா ஆகுற தோல், பால் குடுக்காத நேரத்துல கசிவு, ஒரு பக்கம் மட்டும் செவந்து கனக்குறது, இதெல்லாமும் மார்புப் புற்றுநோயா இருக்கலாம். பல பேருக்கு வலியே இருக்காது. வேற சாதாரணக் காரணமாவும் இருக்கலாம், ஆனா அதைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள்.

அப்புறம் நான் உண்மையைச் சொன்னேன், "பொண்ணு இல்லம்மா, என் அண்ணன்" என்று. அவள் சிரிக்கவில்லை. "ஆம்பளைக்கும் மார்பு இருக்குதில்ல? ரொம்பக் கொறச்சலாத்தான் வரும், ஆனா வரும். அவங்க லேட்டா வர்றதுதான் கஷ்டம்" என்றாள்.

சட்டையில் மேல்தையல் சுருங்கினால் நீ என்ன செய்வாய்? மேலே இஸ்திரியைப் போட்டு அமுக்குவாயா? அடிநூல் சுற்றின பாபினைத் திறந்து பார்ப்பாய். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறாய். உன் தோல் சுருங்கினதற்கு மட்டும் லைனிங் வைத்துத் தைத்திருக்கிறாய்! எனக்கு வருகிற கோபத்துக்கு உன் ஆறு சட்டையையும் கிழித்துப் போட வேண்டும்.

ஏப்ரல் பதினைந்துக்குள் டாக்டரைப் பார்த்ததாக உன்னிடமிருந்து கடிதம் வர வேண்டும். வராவிட்டால் அண்ணிக்கு எழுதுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

வாலு


ஏப்ரல் 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்கு மனது வரவில்லை.

பதினாறாம் தேதி நீ போட்ட கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். உன் முந்தின கடிதத்தை அவர் காலர் வெட்டுகிற அட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தார். நான் கையை நீட்டினதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கடை ஷட்டரை நானே இழுத்துப் பூட்டினேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் ஆயில் மஞ்சளாகக் காயாது. இத்தனை வருடம் அவர் துணியைத் துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் சொன்னதை நம்பிக்கொண்டேன். நம்பினால் மேலே எதையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மார்பு சம்பந்தப்பட்டதற்கெல்லாம் ஒரே வரிசை. நாற்பது பெண்கள், நடுவில் உன் அண்ணன், முகத்துக்கு நேரே செய்தித்தாள். நம்பர் வந்ததும் உள்ளேயிருந்து, "வாங்கம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பேப்பரை இறக்காமலே, "நீ போ, நீ போ" என்கிறார்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டரம்மா பார்த்தார். காம்புக்கு அடியில் கெட்டியாக இருப்பதை அவர் விரல்தான் கண்டுபிடித்தது. அக்குளிலும் சின்னதாக ஒரு வீக்கம். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

"இது பொம்பளைங்க வியாதி, வெளியே தெரிஞ்சா எவன் என்கிட்ட சட்டை தைக்கக் குடுப்பான்?" என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். பஸ் முழுக்கக் கேட்டது.

முடிவு வந்ததும் எழுதுகிறேன். நீ நேரத்துக்குத் தூங்கு.

அண்ணி


மே 11

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கேன்சர்தான். ஜூன் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இடது பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு, அக்குளில் இருப்பதையும் எடுப்பார்கள். பிறகு சில வருடம் தினமும் ஒரு மாத்திரை. முற்றிப் போகவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். போன ஜூனிலேயே வந்திருந்தால் இன்னும் சின்ன வேலையாக முடிந்திருக்கும் என்றும் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன், இனி உன்னிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

ஏனென்றால் அவர் ஒரு கேள்வி கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று. உன் அண்ணி பக்கத்திலிருந்து இல்லை என்றாள். நான் இருந்தது என்றேன்.

அம்மாவுக்கு இருந்தது. அம்மா காய்ச்சலில் போனதாக உன்னிடம் சொன்னோம். உனக்கு அப்போது எட்டு வயது. எனக்குப் பதினாறு, தையல் கடையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் அம்மா ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து, "இடது பக்கம் உள்ள ரெண்டு மடிப்புத் துணி வெச்சுத் தைச்சுக் குடு, கசியுது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லாத, பாப்பாகிட்ட சொல்லாத" என்றாள். கெட்டித் துணி வேண்டாம், உரசும் என்று மெல்லிசாக, தையல் உள்ளே தெரியாமல் வைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா தைச்சிருக்கடா" என்றாள். அதற்கு முன்னால் அம்மா என் தையலைப் பாராட்டினதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் நாலு ரவிக்கைக்கு அதே மாதிரி செய்து கொடுத்தேன். ஏழு மாதத்தில் போய்விட்டாள்.

நான் யாரிடமாவது சொல்லியிருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்று நாற்பத்தொரு வருடமாக நினைக்கிறேன். அப்படியும், என் முறை வந்தபோது அதே லைனிங்கைத்தான் வைத்தேன். கை தன்னால் அதைத்தான் செய்தது.

அம்மாவுக்கு, எனக்கு என்றால் உனக்கும் சுண்டுவுக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். சுண்டு இந்த வாரமே போகிறாள். நீயும் போக வேண்டும். இதை எழுதத்தான் அந்தப் பழைய கதை. என்னை மன்னித்துவிடு.

அண்ணன்


ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று சுண்டு சொன்னாள். மாப்பிள்ளை ஒன்பது நாள் தானே சமைத்துச் சாப்பிட்டும் உயிரோடு இருப்பது சந்தோஷம்.

மே மாதம் நான் எழுதினதற்குப் பதிலே வரவில்லை. பார்த்தால் ஜூன் பதினாறாம் தேதி காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாய். ஒன்பது நாளும் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாய், டீ ஆற்றிக் கொடுத்தாய், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் என்னைப் பற்றிப் பொய் பொய்யாகப் பெருமை அடித்தாய். அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. டாக்டரம்மா வேலை மோசமில்லை. நடுவில் இரண்டு தையல் இடைவெளி கூடிவிட்டது, நான் சொன்னேன். "உங்க கடையில வந்து கத்துக்கிறேன்" என்றார். இடது கையை மேலே தூக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சுவரில் விரலால் ஏறுவது. நேற்று ஜன்னல் மேல்கட்டை வரை ஏறினேன். துணி வெட்ட முடிகிறது. மெஷின் இன்னும் ஒரு மாதம் கழித்து.

சுண்டுவுக்குப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. உனக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள்?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கை ஜன்னலைத் தாண்டி எங்கே போயிருக்கிறது இப்போது? இங்கே எல்லாம் வழக்கம்போல. முட்டி பரவாயில்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குத் திட்டாதே, ஸ்டுடியோவில் பள்ளிக்கூடப் படங்கள் சீசன். தினம் இருநூறு பிள்ளைகள், அதில் நூறு கண்ணை மூடுகிறதுகள்.

முதலாளி புதுப் பிரிண்டர் வாங்கியிருக்கிறார். எல்லார் முகமும் காமாலை வந்த மாதிரி விழுகிறது. ஒரு தலைமை ஆசிரியை வந்து பிரிண்டைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல எது நான்?" என்று கேட்டார். முதலாளி யோசித்தார்! அப்புறம் மாடி அறையைக் காலி செய்து பழைய படங்களையெல்லாம் அடுக்கினேன். நாலு நாள் பிடித்தது. பின்கட்டுக் குழாயை மாற்றினோம். அந்த நர்ஸ் உன்னைப் பற்றி விசாரித்தாள், நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி தூங்குகிறாளா? ஆஸ்பத்திரியில் அவள் தூங்கி நான் பார்க்கவே இல்லை. சுண்டுவுக்கு வேலை மாற்றம் என்ன ஆயிற்று?

மாத்திரையை மறக்காதே.

உன் வாலு


செப்டம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம், நான் உட்பட.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிரிண்டர் இருக்கிறது, குழாய்கூட இருக்கிறது. நான் கேட்ட தேதி மட்டும் இல்லை. பையை வலது பக்கம் மாற்றி வைத்துவிட்டாய்.

லென்ஸ் இல்லாமலே எனக்குத் தெரிகிறது.

பன்னிரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். கடைக்கு அந்த வாரம் விடுமுறை. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், விலாசம் கேட்டு வந்துவிடுவேன், யார் சொன்னாலும் காதில் விழாது என்பது வேறு விஷயம். நீ உள்ளே போகும்போது நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் மூவருமே நலம். அண்ணன் இந்த நான்கு நாளில் எங்கள் வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் குட்டை நெட்டை சரி பார்த்துவிட்டார்.

முதலில் முக்கியமானது. நேற்றுப் போனேன். மேமோகிராம், ஸ்கேன் இரண்டும் எடுத்தார்கள். எதுவும் இல்லை. அம்மா, அண்ணன் இருவருக்கும் இருந்ததால் ரத்தத்திலும் ஒரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் முடிவு வர ஒரு மாதம் ஆகும். அது எப்படி வந்தாலும் வருடா வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள், போவேன்.

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஜூலையில் இரண்டு தடவை தேதி வாங்கி, இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அண்ணனை அப்படித் திட்டி எழுதினவள்தான். உள்ளே போனால் அம்மாவுக்கு என்ன ஆனது என்பது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். காய்ச்சல் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. அந்த ரவிக்கைகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது அண்ணி. அம்மா ஞாபகமாகப் பெட்டியில் வைத்திருந்தேன். இடது பக்கம் ஏன் இரட்டைத் துணி என்று நான் யோசித்ததே இல்லை. அண்ணன் வந்த அன்றைக்கு அவர் கையில் கொடுத்தேன். உள்பக்கத்தைத் திருப்பித் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம்தான் அம்மாவைப் பற்றிப் பேச முடிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐம்பது அறுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊழியர் ஒருவர் வந்து, "ஆம்பளைங்கல்லாம் வெளிய இருங்க" என்றார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றார். "இது மார்பு பாக்குற எடம், பெரியவரே! ஆம்பளைக்கு இங்க வேலை இல்ல!" என்று அவர் கத்தினார்.

தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அண்ணனுக்குத் தெரியாதே, உங்களுக்குத்தான் தெரியுமே. "எனக்கும் மார்லதான் கேன்சர் வந்துச்சு! ஜூன்ல எடுத்தாச்சு! ஒரு வருசம் சட்டைக்குள்ள துணி வெச்சுத் தைச்சு மறைச்சேன், என் தங்கச்சிதான் கண்டுபுடிச்சா! இப்ப அவ பயப்படுறா, அதான் கூட வந்தேன்!" என்றார். மாடிப்படியில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஊழியர் போய்விட்டார். எதிரில் இருந்த ஒரு பெண் என் அண்ணனிடம், "உங்களுக்கு மொதல்ல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அண்ணன் பொருக்கைப் பற்றிச் சொன்னார், காம்பு உள்ளே போனதைச் சொன்னார், வலியே இல்லாததைச் சொன்னார், எல்லாம் அதே சத்தத்தில். இன்னொருத்தி தோல் குழி விழுந்திருப்பதாகச் சொன்னாள். ஒருத்தர் தன் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு புண் இருக்கிறது, நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றார். நான் பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது அண்ணனைச் சுற்றிப் பத்துப் பேர். எவனும் சட்டை தைக்கக் கொடுக்க மாட்டான் என்று பயந்த மனிதர், அதில் இரண்டு பேருக்கு ரவிக்கை அளவு சரியில்லை என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை ரயிலில் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் போட்டிருக்கும் சட்டை புதிது, இங்கே வரும் முன் தானே தைத்தாராம். கத்தரி, சாக்கட்டி, இந்தக் கடிதம் மூன்றும் ஒரே பையில் இருக்கும். இடது பக்கம். எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு